குருதியின் கணக்கும் மக்களின் வரலாறும்

திருகோணமலையிலிருந்து கடற்கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் வீதி நிலாவெளியையும் குச்சவெளியையும் கடந்து புல்மோட்டையை அடைகின்றது. புல்மோட்டை என்றதும் படித்தவர் பலரின் நினைவுக்கு வருவது அதன் கருமணலே. ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நீளத்துக்குப் பரந்து கிடக்கும் அம்மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கன் ஆகிய கனியங்கள் செறிந்துள்ளன. 1957இல் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்ட நாள் முதலாக அம்மணல் அகழப்படுகின்றது, நிறுக்கப்படுகின்றது, கப்பலேற்றப்படுகின்றது. மண்ணின் நிறையை அறிய நாம் காட்டிய அக்கறையை, அம்மண்ணில் வலை இழுத்தும் வயல் உழுதும் வாழும் மக்களின் குருதி சுமந்த வரலாற்றை அறிவதிற் காட்டினோமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

மனித உடலின் நோயெதிர்ப்பாற்றலை, நமது பாடநூல்கள் நிர்ப்பீடனம் என்று குறிப்பிடும் அவ்வாற்றலை, கணிதத்தின் துணைகொண்டும் கணினியின் துணைகொண்டும் ஆராயும் துறை இன்று உலகெங்கும் வளர்ந்து வருகின்றது. இது மேலை நாட்டு ஆய்வுகூடங்களில் அண்மையிலே தோன்றிய புதுமை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முழுமையானதன்று. இத்துறையின் வேர்கள் இந்திய உபகண்டத்தின் காய்ச்சற் கிராமங்களிலும் இலங்கையின் வரண்ட ஆற்றுப் படுகைகளிலும் ஊன்றியிருக்கின்றன. அவ்வேர்களைத் தேடிச் செல்லும்போது, குருதியின் கணக்கு என்பது எக்காலத்திலும் சோற்றின் கணக்கோடும் கூலியின் கணக்கோடும் பின்னிக் கிடந்தது என்ற உண்மையையும் நாம் காண்கின்றோம்.

நோயைப் பற்றிய சில அடிப்படைச் செய்திகளை முதலிற் கூறுதல் வேண்டும். மலேரியாவை உண்டாக்கும் ஒட்டுண்ணி அனோபிலிசு நுளம்பின் வாயிலாக மனிதனின் குருதியை அடைந்து செங்குழியங்களுள்ளே பெருகுகின்றது. இலங்கையில் இதனைப் பரப்பிய முதன்மையான நுளம்பு அனோபிலிசு குலிசிபேசிசு என்பதாகும். ஓடும் ஆறு வற்றிக் குட்டைகளாகத் தேங்கும்போது, வெயில் படும் அத்தெளிந்த நீரிலே இது முட்டையிடுகின்றது. ஆகவே, மழை பொய்த்த காலத்தில் ஈர வலயத்து ஆறுகளும் இதற்குத் தொட்டிலாகின்றன. புல்மோட்டை உள்ளிட்ட திருகோணமலை மாவட்டமோ உலர் வலயத்தைச் சேர்ந்தது. அங்கு காய்ச்சல் ஆண்டுதோறும் பருவம் தவறாது வரும் விருந்தாளியாக இருந்தது.

1897 ஆகஸ்ட் 20ஆம் நாள் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரோஸ் நுளம்பின் இரைப்பையில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அக்கண்டுபிடிப்பு உலகறிந்தது. ஆனால் அவரே இந்நோயைச் சமன்பாடுகளில் அமைத்துக் காட்டிய முன்னோடி என்பதைப் பலர் அறியார். 1911இல் வெளிவந்த அவரது நூலின் இரண்டாம் பதிப்பு, நோயுற்றோரின் தொகையும் நோய்ப்பட்ட நுளம்புகளின் தொகையும் ஒன்றையொன்று எவ்வாறு பெருக்குகின்றன என்பதைக் கணித முறையில் விளக்கியது. ஒரு நாட்டிலுள்ள நுளம்புகள் அனைத்தையும் அழித்தல் வேண்டியதில்லை. அவற்றை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே குறைத்தாற் போதும், நோய் தானே தேய்ந்து மறையும் என்பது அவர் கண்ட முடிபு. எனினும் அவரது சமன்பாட்டில் ஒரு வெற்றிடம் இருந்தது. அதில் நோயுற்றுத் தேறிய மனிதன் நோயே காணாத மனிதனோடு மீண்டும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டான். உடல் கற்றுக்கொள்கின்றது என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

ரோஸின் வழியில் வந்த மக்கென்றிக் என்பாரும் இந்திய மருத்துவ சேவையிற் பணியாற்றியவரே. கசௌலி பாஸ்டர் நிலையத்தின் தலைமையை வகித்த அவர், பின்னர் கேர்மக் என்பாருடன் சேர்ந்து 1927இல் வெளியிட்ட கட்டுரை, இன்றும் கொள்ளைநோய்க் கணிதத்தின் அடித்தளமாக விளங்குகின்றது. நோய்க்கு இலக்காகக் கூடியோர், நோயுற்றோர், நோயிலிருந்து நீங்கியோர் என மக்களைப் பகுக்கும் முறையை அவர்கள் வகுத்தனர். தமது கோட்பாட்டைச் சோதிக்க அவர்கள் எடுத்துக்கொண்ட எண்கள் எவை? 1905-06இல் பம்பாய் நகரில் பிளேக்கினால் இறந்தோரின் வாராந்தத் தொகைகளே அவை. பம்பாயின் நெருக்கமான குடியிருப்புகளில் மாண்டவர்களின் சாவு உலகுக்கு ஒரு கணித விதியைச் சோதித்துக் காட்டியது. அவ்வெண்களுக்குப் பின்னே இருந்த மனிதரின் பெயர்களோ எங்கும் நிலைபெறவில்லை.

இவற்றுக்கிடையே பஞ்சாபில் வேறொரு கணக்கு நடைபெற்றது. 1908இல் அங்கு பரவிய கொடிய மலேரியாவை ஆராய்ந்த கிறிஸ்தோபர்ஸ், 1911இல் வெளியிட்ட தமது அறிக்கையில், மழை மிகுதி மட்டுமன்றித் தானிய விலையேற்றமும் மக்களின் பட்டினியும் சாவைப் பெருக்கின என்று காட்டினார். நோயின் 'மனிதக் காரணி' என்பது அவர் எடுத்தாண்ட கருத்து. அக்காலத்தில் குருதியிலுள்ள பிறபொருளெதிரிகளை அளக்கும் கருவிகள் இருக்கவில்லை. வைத்தியர்கள் செய்தது எளிய காரியம். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இடப்பக்க விலாவின் கீழே கையை வைத்து, வீங்கிய மண்ணீரலை உடையோர் எத்தனை பேர் என்று எண்ணினார்கள். நோய்ப்பட்ட செங்குழியங்களை வடித்தெடுப்பதும், அதனை எதிர்க்கும் பொருள்களை உண்டாக்குவதில் பங்கு கொள்வதும் மண்ணீரலின் வேலையாகும். ஆகவே மண்ணீரல் வீதம் என்பது ஓர் ஊர் எவ்வளவு காலம் நோயோடு போராடியது என்பதன் அளவுகோலாயிற்று. கில் என்பவர் இவ்வீதத்தையும் மழையளவையும் தானிய விலையையும் சேர்த்து, அடுத்த பருவத்தில் கொள்ளைநோய் வருமா என்று பஞ்சாபில் முன்கூட்டிக் கணித்துக் கூற முயன்றார். மனிதக் கையையும் காகிதத்தையும் மட்டுமே கொண்டு செய்யப்பட்ட நிர்ப்பீடனக் கணிப்பு அது.

அதே கில் 1934-35இல் இலங்கையின் பெருங்காய்ச்சலை ஆராய வந்தார். 1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈர வலயத்து ஆறுகள் குட்டைகளாயின. ஆண்டின் இறுதிப் பகுதியில் கேகாலை, குருநாகல் மாவட்டங்களிலே காய்ச்சல் காட்டுத் தீயெனப் பரவிற்று. ஏறத்தாழ 55 இலட்சம் மக்களைக் கொண்டிருந்த இத்தீவில் 80,000 பேரளவில் மாண்டனர். அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நல்ல மழை பெய்து நோய் குறைந்திருந்தமையால் அம்மாவட்டத்துப் பிள்ளைகளின் குருதி மலேரியாவை அறியாதிருந்தது. அறியாத குருதியிலே நோய் அளவின்றிப் பெருகியது. உலகப் பொருளாதார மந்தத்தினால் றப்பரும் தெங்கும் விலை வீழ்ந்து, உழைப்பாளரின் அடுப்பு அணைந்திருந்த வேளையும் அதுவே. கணிதம் இவ்விரண்டையும் இரு வேறு காரணிகளாகப் பிரித்து எழுதலாம்; பட்டினி கிடந்த உடல் அவற்றை ஒன்றாகவே அனுபவித்தது.

அந்நாளில் அரசாங்கத்தின் கை சென்றடையாத கிராமங்களுக்குச் சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் சென்றார்கள். வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்க மருந்தளித்தார். என். எம். பெரேரா பருப்பும் உணவுப் பொருள்களும் பகிர்ந்தளித்தமையால் மக்கள் அவரைப் 'பருப்பு மகாத்தயா' என்று அன்போடு அழைத்தனர். 1935 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கை சமசமாஜக் கட்சி பிறந்தபோது, அதன் முன்னோடிகள் இக்காய்ச்சற் கிராமங்களில் நடந்து பழகியவர்களாக இருந்தனர். மருந்து மட்டும் போதாது, உணவும் வேண்டும் என்று அவர்கள் கண்டது உணர்ச்சியினால் மட்டுமன்று. அது சரியான நோயியலும் ஆகும்.

இக்கொள்ளைநோய் உலர் வலயத்தில் ஒப்பளவிற் குறைவான அழிவையே செய்தது. அங்கு வாழ்ந்தோர் இளமை முதல் மீண்டும் மீண்டும் நோயுற்று ஓரளவு நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர் என்பதே விளக்கம். இவ்விளக்கம் உண்மையே. ஆனால் 'நிர்ப்பீடனம் பெற்றிருந்தனர்' என்ற இரு சொற்களை நாம் அவசரமாகக் கடந்து செல்லலாகாது. அவ்வாற்றல் எவ்விலை கொடுத்துப் பெறப்பட்டது? பிறந்த பிள்ளைகளிற் பலரை மண்ணுக்குக் கொடுத்து, எஞ்சியோர் குருதி வெளிறி, வயிறு வீங்கி, ஆண்டில் பல வாரங்கள் பாயிற் கிடந்து அதனைப் பெற்றார்கள். கொள்ளைநோயின் சாவு பத்திரிகைகளின் முதற் பக்கத்துக்கு வரும். ஆண்டுதோறும் சிறிது சிறிதாக நிகழும் சாவு வழமை எனப்படும். வழமையான சாவுக்கு விசாரணைக் குழு அமைப்பதில்லை.

இரண்டாம் உலகப் போரின் பின்னர், 1945-46 காலப் பகுதியில், இலங்கையின் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. அம்முறை ஏன் வென்றது என்பதை லண்டன் ரோஸ் நிலையத்தின் ஜோர்ஜ் மக்டொனால்ட் 1950களிற் கணக்கிட்டுக் காட்டினார். நமது மாணவர்கள் அதனைத் தாமே செய்து பார்க்கலாம். நுளம்பு ஒன்று நோயைப் பரப்பும் தகுதி பெற, ஒட்டுண்ணி அதனுள்ளே ஏறக்குறைய 12 நாள் வளர வேண்டும் என்று கொள்வோம். ஒரு நாளை உயிரோடு கடக்கும் வாய்ப்பு 0.9 ஆயின் 12 நாள்களையும் கடக்கும் வாய்ப்பு 0.28 ஆகும். அதே வாய்ப்பு 0.8 ஆகக் குறைந்தால் 12 நாள்களின் வாய்ப்பு 0.07 ஆகின்றது. நாளாந்த வாய்ப்பில் ஒன்பதில் ஒரு பங்கு குறைந்தால் விளைவு நான்கில் ஒன்றாகின்றது. குருதி குடித்தபின் சுவரில் ஓய்வெடுக்கும் நுளம்பின் ஆயுளைச் சிறிது குறைப்பதே போதுமானது என்பதன் பொருள் இதுவே.

1946இல் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்த இலங்கையின் இறப்பு வீதம் 1947இல் 14 அளவுக்கு வீழ்ந்தது. உலகம் வியந்தது, டி.டி.ரி.யின் அற்புதம் என்றது. ஆனால் அறிஞரிடையே நெடிய விவாதம் ஒன்று எழுந்தது. போருக்குப் பிந்திய இறப்புக் குறைவில் ஏறக்குறைய 42 வீதம் மலேரியா ஒழிப்பின் பயன் என்று பீற்றர் நியூமன் கணக்கிட்டார். 1974இல் கிறே என்பார் அதே எண்களை வேறு முறையில் ஆராய்ந்து 23 வீதமே என்றார். பிறெடெரிக்சன், இலங்கை அறிஞர் மீகம ஆகியோர் உணவு வழங்கலையும் வைத்திய வசதியையும் வலியுறுத்தினர். பங்கீட்டு அரிசியும் கிராம வைத்தியசாலையும் பாடசாலையும் மக்களின் உடலில் எவ்வளவு வலிமையைச் சேர்த்தன? எந்தச் சமன்பாட்டைத் தேர்ந்தெடுக்கின்றோம் என்பதைப் பொறுத்தே விடை மாறுகின்றது. எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் எதை எண்ணுவது, எதை விடுவது என்பதை மனிதரே தீர்மானிக்கின்றனர்.

1963இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி கிட்டிவிட்டது என்று எண்ணித் தெளித்தல் நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1968-69இல் நோய் திரும்பியது. 1969இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். இடைப்பட்ட ஆண்டுகளில் குருதி தன் பழைய பாடத்தை மறந்திருந்தது. இங்கு ஒரு வரலாற்று முரண்பாட்டைக் குறிப்பிடுதல் வேண்டும். மக்டொனால்டும் அவர் குழுவினரும் கணினியைக் கொண்டு மலேரியாவின் இயக்கத்தைக் கணித்த கட்டுரை வெளிவந்ததும் 1968இலேயே. கணிக்கும் கருவி பிறந்த ஆண்டிலே, எண்ணுவதைக் கைவிட்ட நாடு வீழ்ந்தது.

ரோஸ் விட்டுச் சென்ற வெற்றிடம் 1970களில் நிரம்பத் தொடங்கிற்று. நைஜீரியாவின் கார்க்கி மாவட்டத்தில் உலக சுகாதார நிறுவனமும் அந்நாட்டரசும் நடத்திய ஆய்வின் பயனாக, டியற்ஸ், மொலினோ, தோமஸ் ஆகியோர் 1974இல் ஒரு கணித மாதிரியை வெளியிட்டனர். அதில் நிர்ப்பீடனம் உடையோரும் இல்லாதோரும் வேறு வேறாகப் பகுக்கப்பட்டனர். உடல் கற்றுக்கொள்வதைச் சமன்பாடு ஏற்றுக்கொண்டது.

இதன் பின்னர் நமது நாட்டிலேயே வியக்கத்தக்க ஆய்வு ஒன்று நிகழ்ந்தது. கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்துக் காமினி மெண்டிசும் அவருடன் பணியாற்றியோரும் 1980களில், கதிர்காமப் பகுதி உள்ளிட்ட இடங்களிலே, 'வைவாக்சு' வகை மலேரியாவை ஆராய்ந்தனர். நோயுற்றவரின் குருதியில் ஒருவகைப் பிறபொருளெதிரிகள் தோன்றுகின்றன. அவை அந்நோயாளிக்கு எந்த நன்மையும் செய்வதில்லை. நுளம்பு அவர் குருதியைக் குடிக்கும்போது அவையும் உடன் சென்று, நுளம்பின் வயிற்றிலே ஒட்டுண்ணியின் ஆண் பெண் அணுக்கள் கூடிக் கருவுறுவதைத் தடுக்கின்றன. அதாவது, ஒருவன் உடல் ஆக்கும் படைக்கலம் அவன் அயலானைக் காக்கின்றது. ஆனால் மறுபக்கமும் உண்டு. 1988இல் வெளிவந்த ஆய்வொன்று, இப்பிறபொருளெதிரிகள் செறிவாக இருக்கும்போது பரவலைத் தடுப்பதையும், மிகக் குறைந்த அளவில் இருக்கும்போது அதனை ஊக்குவிக்கக்கூடும் என்பதையும் காட்டியது. அவ்வாய்வாளருள் முதல்வர், பின்னர் 2003இல் ஹொங்கொங்கில் சார்ஸ் நோய்க் கிருமியைக் கண்டறிந்தோருள் ஒருவராகிய மலிக் பீரிஸ் ஆவார்.

இவ்விடத்திலேதான் கணிதத்தின் தேவை நன்கு விளங்குகின்றது. தடுப்பதும் ஊக்குவிப்பதும் ஒரே பொருளாயின், நாளடைவில் அதன் அளவு தேய்ந்து செல்கையில், ஊர் முழுவதற்கும் கிட்டும் இறுதி விளைவு நன்மையா தீமையா? ஒருவர் மீண்டும் எத்தனை மாதத்தில் நோயுறுகின்றார் என்பதைப் பொறுத்து விடை மாறும். வெறும் சிந்தனையால் இதற்கு விடை காண இயலாது. டி சொய்சாவும் மெண்டிசும் பிறரும் 1991இல் உலக சுகாதார நிறுவனத்தின் வெளியீட்டில், இந்நிர்ப்பீடனத்தின் விளைவை மதிப்பிடும் கணித மாதிரி ஒன்றை அளித்தனர். இலங்கைக் கிராமத்தவரின் குருதியிலிருந்து பெற்ற அளவுகள், இலங்கையரின் கணிதத்தால் பொருள் பெற்றன.

இன்று இத்துறை மேலும் ஆழச் சென்றுள்ளது. 1996இல் பெரெல்சனும் குழுவினரும் எயிட்ஸ் கிருமி ஒரு நோயாளியின் உடலில் நாளொன்றுக்கு 1,000 கோடிக்கு மேற் பிறக்கின்றது என்று சமன்பாடுகளைக் கொண்டு கணக்கிட்டனர். இவ்வளவு விரைவாகப் பெருகி மாறும் கிருமியை ஒரு மருந்தால் வெல்ல இயலாது, பல மருந்துகளை ஒருங்கே தருதல் வேண்டும் என்ற முடிவுக்கு அது வலுவூட்டியது. 'பல்சிப்பாரம்' வகை மலேரியா ஒட்டுண்ணி ஒவ்வொன்றும் தன் மேற்போர்வையை மாற்றிக்கொள்ள ஏறக்குறைய 60 பரம்பரை அலகுகளை வைத்திருக்கின்றது. அவை ஊருக்கு ஊர் வேறுபடுகின்றன. இவற்றைக் கணினிகளே ஒப்பிட்டு வகைப்படுத்துகின்றன. மலேரியாவுக்கு எதிரான முதலாவது தடுப்பூசியை 2021இல் உலக சுகாதார நிறுவனம் ஆபிரிக்கப் பிள்ளைகளுக்குப் பரிந்துரைப்பதற்கு முன்னர், அதன் பயனை நான்கு வெவ்வேறு கணித மாதிரிகள் மதிப்பிட்டிருந்தன.

மீண்டும் புல்மோட்டைக்கு வருவோம். இவ்வூருக்குத் தெற்கே கடலிற் கலக்கும் யான் ஓயா, வடமத்திய மாகாணத்தில் ஊற்றெடுப்பது. 1990களில் சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தோர் அவ்வாற்றின் மேற்படுகையிலே நுளம்புக் குட்டைகளை எண்ணினர், நீர்மட்டத்தை அளந்தனர். குளத்து நீரைத் தக்க வேளையில் திறந்துவிட்டு ஆற்றின் ஆழத்தைப் பேணினால், மருந்தின்றியே நுளம்பின் பெருக்கத்தைக் குறைக்கலாம் என்று கணக்கிட்டுக் காட்டினர். உழவனுக்குரிய நீரே மருந்தாகவும் ஆகலாம் என்பது எத்துணை இனிய செய்தி!

ஆயின் மேற்படுகையில் ஆய்வு நடந்த காலத்திலே, கீழ்க்கரையையும் அதற்கு வடக்கேயுள்ள நிலங்களையும் போர் பற்றியிருந்தது. மக்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தனர். மலேரியாவின் சுமையை வடக்கு கிழக்கு மாவட்டங்களே மிகுதியாகத் தாங்கின. மரநிழலில் உறங்கும் குடும்பத்துக்கு, தெளித்த சுவர் ஏது? எந்த மாதிரியும் நிலையான மக்களையும் ஒழுங்கான பதிவேட்டையும் வேண்டி நிற்கின்றது. பெயர்க்கப்பட்டவன் பதிவேட்டிலிருந்தும் பெயர்க்கப்படுகின்றான். 2009 மார்ச்சில் இந்திய அரசின் வைத்தியக் குழு புல்மோட்டையிற் கள வைத்தியசாலை ஒன்றை அமைத்தது. வன்னியின் கடற்கரையிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டிலே கப்பலிற் கொண்டுவரப்பட்ட காயமுற்றோர் இக்கரையில் இறக்கப்பட்டனர். கருமணல் ஏற்றப்பட்ட கரையிலே குருதி தோய்ந்த மனிதர் இறக்கப்பட்டனர் என்பதை இவ்வூரின் வரலாறு மறவாது.

அத்துணை இடரிடையிலும் மலேரியாத் தடை இயக்கத்தின் ஊழியர்கள் போரின் இரு பக்கத்திலும் பணியாற்றினர். குருதி மாதிரிகளை எடுத்தனர், வலைகளைப் பகிர்ந்தனர். 2012 ஒக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டு நுளம்பினால் நோய் பரவும் நிலை ஒழிந்தது. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. பெயர் அறியப்படாத பொதுச் சுகாதார ஊழியர்களின் கால்கள் நடந்து பெற்ற வெற்றி இது.

ஆனால் 1963இன் பாடத்தை நாம் மறத்தல் தகாது. குலிசிபேசிசு நுளம்பு இன்னும் ஆறுகளில் வாழ்கின்றது. நகரக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் பெருகவல்ல அனோபிலிசு ஸ்டெபென்சி 2017இல் மன்னாரிற் கண்டறியப்பட்டது. வெளிநாடு சென்று மீள்வோர் சிலரின் குருதியில் ஒட்டுண்ணி வந்து சேர்கின்றது. புல்மோட்டையில் இன்று பள்ளி செல்லும் பிள்ளையின் உடலில் இந்நோயைப் பற்றிய நினைவு எதுவும் இல்லை. அது நற்பேறு, நெஞ்சார வாழ்த்துவோம். அதன் பாட்டி பெற்ற நிர்ப்பீடனம் அப்பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் உடல் காக்காத இடத்திலே சமூகம் காக்க வேண்டும். கிராமத்து ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியின் முன் அமர்ந்திருக்கும் ஊழியர், ஒழுங்காக எழுதப்படும் பதிவேடு, கூலி குறையாத வாழ்வு, வயிறு நிறைந்த பிள்ளை ஆகியவையே நமது புதிய நிர்ப்பீடனம். சிக்கனம் என்ற பெயரால் இவற்றுள் ஒன்றை வெட்டுவோர், 1968ஐ மீண்டும் அழைக்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒன்று கூற விரும்புகின்றோம். கணிதத்தை ஓர் அறையிலும் உயிரியலை வேறோர் அறையிலும் வரலாற்றை இன்னோர் அறையிலும் கற்பிக்கின்றோம். ஒரு துளிக் குருதியில் அவை மூன்றும் கலந்தே இருக்கின்றன. சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது, அதில் இடம்பெற்றோர் யார், விடுபட்டோர் யார் என்று கேட்கும் பழக்கத்தையும் மாணவருக்கு ஊட்டுவோமாக. கதிர்காமத்துக் கிராமத்தவரின் குருதி, தன்னைக் காவாது அயலானைக் காத்தது. அதனை அறிந்துகொண்ட நாம், அறிந்தபடி வாழக் கற்றுக்கொள்ளல் வேண்டும்.